கஜரி விரிப்பில் தோன்றும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டு சரிசெய்யும் முறை

உஸ்பெகிஸ்தானின் தெற்கே சுர்ஹந்தார்யா, கஷ்காதார்யா மாகாணங்களிலும் சமர்கந்தைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களிலும் ஆடு மேய்த்து வாழ்ந்த கொங்கிராத் முதலிய உஸ்பெக் குலத்துப் பெண்கள் நெய்த விரிப்புகளில் கஜரி என்பது ஒரு தனி வகை. முடிச்சுக் கம்பளத்தில் எழுந்து நிற்கும் உரோமம் இதில் கிடையாது. நீளவாட்டில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் மட்டுமே சேர்ந்த தட்டையான நெசவு. இதை ஒரே அகலமாக நெய்வதும் இல்லை. ஒரு முழத்துக்கும் குறைவான அகலத்தில் நீண்ட பட்டையாக நெய்து, அதைச் சம நீளத் துண்டுகளாக அறுத்து, அவற்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்துக் கையால் தைத்துச் சேர்ப்பார்கள். எட்டுப் பட்டையோ பத்துப் பட்டையோ சேர்ந்தால் ஒரு விரிப்பு. கூடார வீட்டின் தரையில், தட்டி இறுக்கிய கம்பளிப் பாளத்தின் மேல் விரிக்கவும், அடுக்கி வைத்த பஞ்சு மெத்தைகளின் மேல் போர்த்தவும், இடம்பெயரும்போது சுமையை மூடிக் கட்டவும் இது பயன்பட்டது. இன்று உலகெங்கும் வீடுகளில் தரை விரிப்பாக, சோபா உறையாக, சுவர் அலங்காரமாக இது கிடக்கிறது. அங்கேதான் கோளாறுகளும் தொடங்குகின்றன.

என்னிடம் இருக்கும் கஜரியை சமர்கந்துக்குத் தெற்கேயுள்ள உர்குத் சந்தையில் வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு நான் செய்த தவறுகளும், பிறகு அவற்றைத் திருத்தக் கற்றுக்கொண்டதும் சேர்ந்ததுதான் இந்த வழிமுறை. பாலாஸ் போன்ற மற்ற உஸ்பெக் தட்டை விரிப்புகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பட்டையும் தையலும் பற்றிச் சொல்வது மட்டும் கஜரிக்கும், அதைப் போலவே பட்டைகளை இணைத்துச் செய்த விரிப்புகளுக்கும் உரியது.

எதையும் தொடுமுன் இதன் கட்டுமானம் மனத்தில் படிந்திருக்க வேண்டும். தரையில் முளையடித்து, அவற்றுக்கிடையே பாவை இழுத்துக் கட்டி, மூன்று கழிகளை முக்காலிபோல் நிறுத்தி, பாவு நூல்களைத் தூக்கிப் பிரிக்கும் விழுதை அதில் தொங்கவிட்டு, வாள் வடிவப் பலகையால் ஊடையை இறுக அடித்து நெய்த துணி இது. பவானி ஜமக்காளத்தில் நாம் பார்க்கும் நிறமெல்லாம் ஊடை நூலின் நிறம். பாவு உள்ளே மறைந்திருக்கும். கஜரியில் அது தலைகீழ். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பாவு. ஊடை அதற்குள் முழுவதும் மறைந்து, பட்டையின் ஓரத்தில் திரும்பும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும். ஆகவே நீளவாட்டில் இந்தத் துணி மிக வலுவானது. அகலவாட்டில் வலு குறைவு. பட்டைகளை இணைக்கும் தையலில் அதைவிடவும் குறைவு. அந்தக் கடைசி பலவீனம் குறையன்று. எங்காவது இழுவிசை கூடினால் தையல் நூல் அறுந்து பட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்பதே இந்த அமைப்பின் பயன். நாம் புதிதாகச் சேர்க்கும் எந்த நூலும், எந்தத் துணியும், பழைய கம்பளியைவிட வலுக் குறைந்ததாகவும் பின்னாளில் சேதமின்றிப் பிரித்தெடுக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும் என்ற ஒரே விதி இதிலிருந்து கிடைக்கிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்த விதியைச் சார்ந்தவை.

பட்டைகளுக்கு இடையே தையல் விட்டிருக்கிறது

மிகப் பலர் முதலில் காணும் கோளாறு இதுதான். மிக எளிதில் சரிசெய்யக் கூடியதும் இதுதான். ஆனால் அவசரப்பட்டுத் தையல் இயந்திரத்தில் கொடுத்துவிட்டால் திருத்த முடியாத சேதமாக மாறுவதும் இதுவே.

முதலில் விட்ட இடத்தை வெளிச்சத்தில் வைத்து, இரண்டு பட்டைகளின் ஓரங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓரத்தில் ஊடை நூல் திரும்பும் சிறு வளையங்கள் வரிசையாக, அறுபடாமல் இருந்தால், போனது தையல் நூல் மட்டுமே. பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. வளையங்கள் அறுந்து, ஓரத்துப் பாவு இழை ஒன்றிரண்டு பிரிந்து தொங்கினால், யாரோ முன்பு வலுவான நூலால் தைத்திருக்கிறார்கள், அந்த நூல் கம்பளியை அறுத்திருக்கிறது என்று பொருள். நைலான், பாலியெஸ்டர் நூல்கள் இப்படித்தான் செய்யும். கம்பளி நலிய நலிய, அந்த நூல் கத்திபோல் நின்று அறுக்கும்.

என் விரிப்பில் நான்காம் பட்டைக்கும் ஐந்தாம் பட்டைக்கும் இடையே உள்ள தையலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அதில் மூன்று கைகள் தெரிந்தன. அடியில் முறுக்கேறிய பழுப்புக் கம்பளி நூல். அதற்கு மேல், விட்ட இடங்களில் மட்டும், நீலப் பருத்தி நூல். அதற்கும் மேல், ஒரு சாண் நீளத்துக்கு, வழவழப்பான வெள்ளைச் செயற்கை நூல். கம்பளி நூல் தைத்த இடத்தில் ஓரம் முழுமையாக இருந்தது. பருத்தி தைத்த இடத்திலும் அப்படியே. செயற்கை நூல் இருந்த அந்த ஒரு சாணில் மட்டும் ஊடை வளையங்கள் ஏழெட்டு அறுந்திருந்தன. பழைய நூலை மெல்லத் தள்ளியபோது அதற்கடியில் மறைந்திருந்த சிவப்பு, நேற்றுச் சாயமிட்டது போல் இருந்தது; சுற்றியிருந்த சிவப்பெல்லாம் செங்கல் நிறமாக இறங்கிப் போயிருந்தது.

தைப்பதற்கு இரண்டு இழை முறுக்கிய கம்பளி நூலோ, தடித்த பருத்தி நூலோ போதும். ஊசி நுனி மழுங்கியதாக இருக்க வேண்டும். கூரிய ஊசி பாவு இழையைக் குத்திப் பிளந்துவிடும். இரண்டு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், விளிம்போடு விளிம்பு தொடுமாறு மேசையில் படுக்க வைத்து, ஒரு பக்கத்து ஊடை வளையத்தையும் அதை ஒட்டிய இரண்டு மூன்று பாவு இழைகளையும் அணைத்து எடுத்து, மறுபக்கத்தில் அதேபோல் எடுத்து, 1 செ.மீ. இடைவெளியில் தைத்துச் செல்லுங்கள். நூலை இழுத்து இறுக்கக் கூடாது. ஓரங்கள் தொட்டால் போதும். ஒரு முழத்துக்கு ஒரு முறை நூலை முடித்துப் புதிதாகத் தொடங்கினால், பின்னால் எங்காவது அறுந்தாலும் முழு நீளமும் ஓடிப் பிரியாது. பழைய தையல் பிடிமானத்தோடு இருக்கும் இடங்களில் அதைத் தொடவே வேண்டாம். செயற்கை நூல் இருந்தால் மட்டும் அதைச் சிறு சிறு துண்டாக வெட்டி, இழுக்காமல், இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

தரையில் விரித்தால் படியாமல் அங்கங்கே புடைத்து நிற்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. எது என்று அறிய, புடைப்புக்குப் பக்கத்திலுள்ள தையலை ஒரு சாண் நீளத்துக்குப் பிரித்துப் பாருங்கள். பிரித்தவுடன் இரண்டு ஓரங்களும் தாமாகவே படிந்தால், குற்றம் தையலில்தான், இறுக்கித் தைத்திருக்கிறார்கள். முன் சொன்ன முறையில் தளர்வாகத் தைத்தால் தீர்ந்தது. பிரித்த பிறகும் ஒரு பட்டை அலையலையாக நின்றால், பட்டைகளின் நீளம் ஒன்றுக்கொன்று மாறியிருக்கிறது.

நீளம் மாறுவதற்குப் பெரும்பாலும் தண்ணீரே காரணம். தறியில் பாவு நெடுநேரம் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. நனைந்தால் அந்த இழுவை தளர்ந்து நூல் சுருங்கும். ஒரே நீண்ட பட்டையாக நெய்து அறுத்த துண்டுகள் என்றாலும், தொடக்கத்தில் நெய்ததும் முடிவில் நெய்ததும் ஒரே இழுவையில் இருந்திருக்க முடியாது. ஆகவே ஒரே நீரில் நனைந்தாலும் ஒவ்வொரு துண்டும் தன் அளவுக்குச் சுருங்கும். நான் இதை அனுபவத்தில் கண்டேன். விரிப்பைச் சலவைக் கடை ஒன்றில் கொடுத்தேன். வெந்நீரில் போட்டு இயந்திரத்தில் சுழற்றிவிட்டார்கள். திரும்பி வந்தபோது நடுவில் இருந்த இரண்டு பட்டைகள் மற்றவற்றைவிட நான்கு விரற்கடை குறைந்திருந்தன. விரிப்பு முழுவதும் படகின் அடிப்பாகம்போல் வளைந்து நின்றது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் அலைப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். அப்படி இறுகிய கம்பளி மறுபடி நெகிழாது. குளிர்ந்த நீரில் நனைந்ததால் வந்த சுருக்கம் மட்டுமே ஓரளவு மீளும்.

ஒவ்வொரு பட்டையின் நீளத்தையும் அளவு நாடாவால் ஓரத்தை ஒட்டி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 3 மீட்டர் நீள விரிப்பில் 1 அல்லது 2 செ.மீ. வேறுபாடு இருந்தால் தையலிலேயே அடக்கிவிடலாம்: பட்டைகளின் நடுப்புள்ளியையும் இரு முனைகளையும் முதலில் தற்காலிகத் தையலால் பிடித்துக்கொண்டு, மிகுதியை நீளம் முழுவதும் பகிர்ந்து தைக்க வேண்டும். வேறுபாடு அதற்கு மேல் இருந்தால், நீண்ட பட்டை முனையில் சற்று நீட்டிக்கொண்டு இருக்கட்டும். பழைய கஜரிகளில் முனைகள் ஒரே கோட்டில் நிற்பது அரிது. நேராக்குகிறேன் என்று அறுக்க வேண்டாம். சாயம் இறங்காது என்று உறுதியானால், ஈரம் பிழிந்த பருத்தித் துணியைப் புடைப்பின் மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் அதன்மேல் ஆவி மட்டும் படும்படி பிடித்து, பிறகு கனமான பலகை வைத்து ஓரிரவு விட்டுவிடலாம். சூடான பெட்டியைக் கம்பளியில் நேராக வைத்து அழுத்தினால் பளபளப்பான தழும்பு விழும், அது போகாது.

பின்புறத்தில் நூல்கள் மிதந்து தொங்குகின்றன

இது கோளாறன்று. வடிவம் வரும் பகுதியில் ஒரே இடத்துக்கு இரண்டு நிறப் பாவு நூல்கள் இருக்கும். வேண்டிய நிறம் மேலே வந்து நெசவில் சேரும்போது, மற்றது பின்புறத்தில் நெசவில் சேராமல் மிதந்து செல்லும். பிசிறு என்று நினைத்து இதை அறுத்துவிட்டால் முன்புறத்து வடிவமே அவிழும். வளையல், மோதிரம், நாற்காலிக் கால், பூனையின் நகம் இவற்றில் மாட்டி ஒரு மிதவை நூல் நீண்டுவிட்டால், மழுங்கிய ஊசியால் அடுத்தடுத்த கண்ணிகளில் சிறிது சிறிதாகப் பங்கிட்டு உள்ளே இழுக்க வேண்டும். அறுந்தே போயிருந்தால் இரு முனைகளையும் பின்புறத்தில் ஒரு மெல்லிய பருத்திச் சல்லாவின் மேல் படுக்க வைத்து, குறுக்கே சிறு தையலிட்டுப் பிடித்தால் போதும்.

துடைத்தாலோ நனைத்தாலோ சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்குகிறது

சாயத்தின் வரலாறு தெரிந்தால்தான் இந்தக் கோளாறு புரியும். பழைய முறையில் சிவப்பு, ரூயான் என்று உஸ்பெக்கியர் அழைக்கும் செடியின் வேரிலிருந்து வந்தது. நம் மஞ்சிட்டிக்கு நெருங்கிய உறவு அது. அந்த வேரில் உள்ள அலிசரின் என்ற நிறப்பொருள்தான் நம் கரையோரச் சாயவேரிலும் இருக்கிறது. படிகாரத்தில் ஊறிய கம்பளியில் அது பற்றினால் எளிதில் விடாது. நீலத்துக்கு அவுரி, இந்தியாவிலிருந்து வணிகக் கூட்டங்கள் கொண்டுபோனது. மஞ்சளுக்கு இஸ்பராக் என்ற காட்டுப் பூச்செடி. மாதுளை ஓடும் உண்டு. 1856இல் முதல் செயற்கைச் சாயம் உருவானது. ரஷ்யப் படை 1865இல் தாஷ்கந்தையும் 1868இல் சமர்கந்தையும் பிடித்த பிறகு, அந்தச் சாயப் பொடிகள் சந்தை வழியாக மேய்ச்சல் நிலம் வரை சென்றன. வேரை இடித்து ஊறவைத்துக் காத்திருந்த பெண்களுக்கு, பொடியைக் கரைத்தால் நிறம் வருவது பெரிய விடுதலையாக இருந்திருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவற்றுள் பல தண்ணீரைக் கண்டால் ஓடும். இன்று விற்பனைக்கு வரும் கஜரிகளில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரே பட்டையில் வேர்ச் சாயமும் பொடிச் சாயமும் அடுத்தடுத்து இருக்கக்கூடும்.

ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, பின்புறத்தில் ஒரு நிறத்தின் மேல் வைத்து, 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். துணியில் சிறிதும் நிறம் ஏறாவிட்டால், அடுத்த சோதனையில் நீரோடு நீங்கள் பயன்படுத்த இருக்கும் சோப்புக் கரைசலையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு நிறம் ஏறினாலும் அந்த விரிப்பை வீட்டில் நனைக்கக் கூடாது. உலர்ந்த நிலையில் தேய்த்தாலே துணியில் நிறம் ஏறினால், வெளுத்த இடத்தை மறைக்க யாரோ மேலே மை பூசியிருக்கக்கூடும்.

ஏற்கெனவே நனைந்து சாயம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால், காயவிடாதீர்கள், இதுதான் முக்கியம். காய்ந்தால் கறை நிலைத்துவிடும். சாய்வான பலகையில் பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடும்படி படுக்க வைத்து, இறங்கும் நிறம் பக்கத்து வெள்ளையைக் கடக்காமல் தன் கோட்டிலேயே வழிந்து போகுமாறு குளிர்ந்த நீரை மெல்ல விட்டுக்கொண்டே இருங்கள். நீர் தெளிந்ததும், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்த நீரை ஒரு முறை விடலாம். பொடிச் சாயங்களில் பல அமிலத்தில்தான் கம்பளியைப் பற்றிக்கொள்ளும். பிறகு வெள்ளைத் துண்டுகளுக்கு இடையே வைத்து ஒற்றி ஈரத்தை உறிஞ்சி, மின்விசிறியின் கீழ் விரைவாகக் காயவைக்க வேண்டும். புதுத் துணிக்குக் கல்லுப்புப் போட்டு அலசும் நம் வீட்டு வழக்கம் இங்கே பயன்படாது. கம்பளியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து விரிப்பை எப்போதும் நசநசப்பாக வைத்திருக்கும். சலவை சோடா, ப்ளீச்சிங் பவுடர் இரண்டும் கம்பளி இழையையே தின்றுவிடும். பக்கத்திலும் கொண்டுவர வேண்டாம்.

முன்புறம் மங்கி, பின்புறம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது

வெளிச்சத்தின் வேலை. வேர்ச் சிவப்பு மெல்லத்தான் மங்கும். தொடக்கக்காலப் பொடிச் சாயத்தின் ஊதாச் சிவப்பு விரைவாகச் சாம்பல் பூத்த பழுப்பாகிவிடும். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது, மறுசாயம் போடவும் கூடாது. இனி போகாமல் தடுக்கலாம்: சன்னல் வெயில் நேரே விழும் இடத்தில் விரிக்காதீர்கள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைமாற்றிப் போடுங்கள். பின்புறத்தைத் திருப்பி மேலே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மிதவை நூல் இல்லாத பாலாஸில் அது சரி. கஜரியில் மிதவை நூல்கள் காலில் மாட்டும், கூடாது.

கறுப்பு அல்லது கரும்பழுப்புக் கோடுகள் மட்டும் அரித்துப் பள்ளமாகிவிட்டன

பூச்சி நிறம் பார்த்துத் தின்றது என்று பலர் நினைப்பார்கள். காரணம் இரும்பு. மாதுளை ஓடு போன்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பைச் சேர்த்தால் கருமை கிடைக்கும். அந்த இரும்பு பல பத்தாண்டுகளில் கம்பளியைப் பொடித்துவிடும். பக்கத்து நிறங்கள் தடிப்பாக நிற்க, கருங்கோடு மட்டும் தாழ்ந்து, உள்ளே மறைந்திருந்த ஊடை ஏணிப்படிபோல் தெரியத் தொடங்கும். சாயமிடாத கறுப்பு ஆட்டின் உரோமத்தில் இது நேராது. ஆகவே கருங்கோடு முழு வலுவோடு இருந்தால் அது ஆட்டின் இயற்கை நிறமாக இருக்கக்கூடும்.

இதற்குப் புது நூல் கொண்டு நெய்து நிரப்புவது பெரும் தவறு. பொடியும் நூலுக்கு நடுவே ஊசி ஏற ஏற மிச்சமும் உதிரும். அந்தப் பட்டையின் அகலத்துக்கு, துவைத்துச் சுருக்கம் எடுத்த பருத்தித் துணியைக் கரும்பழுப்பு நிறத்தில் எடுத்து அடியில் வைத்து, வலுவான பக்கத்து நிறங்களில் மட்டும் ஊசி ஏறுமாறு, தளர்வாகத் தைத்துத் தாங்கு துணி கொடுங்கள். தெரியும் ஊடையின் அடியில் துணியின் கருமை தென்படுவதால் தொலைவிலிருந்து பள்ளம் தெரியாது. இப்படிப்பட்ட விரிப்பைத் தரையில் போடும் காலம் முடிந்துவிட்டது.

சிறு துளைகள், மணல்போன்ற துகள், பட்டுநூல் போன்ற வலை

அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை, தின்பது புழுதான். அது இருட்டும் அசைவின்மையும் உள்ள இடத்தைத் தேடும்: கட்டிலுக்கடியில் கிடக்கும் பகுதி, மடித்து வைத்த மடிப்பின் உள்புறம், தையலின் அடி. வெள்ளைக் காகிதத்தின் மேல் விரிப்பைத் தட்டுங்கள். மணலாக இருந்தால் நிறம் ஒன்றாக இருக்கும். புழுவின் எச்சமாக இருந்தால், அது தின்ற கம்பளியின் நிறத்திலேயே சிவப்பும் நீலமுமாகச் சிறு உருண்டைகள் விழும். கம்பளி வண்டின் புழுவும் உண்டு. அது வலை பின்னாது, மயிர் அடர்ந்த பழுப்புத் தோலை மட்டும் உரித்துப் போட்டுவிட்டுப் போகும்.

முதல் வேலை, பாதித்த விரிப்பை மற்றத் துணிகளிடமிருந்து பிரிப்பது. இரண்டாவது, உறிஞ்சு கருவியின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, குறைந்த விசையில் இருபுறமும், தையல்களின் மேல் நிதானமாக, இழுப்பது. மூன்றாவது, குளிர். விரிப்பு நன்றாக உலர்ந்திருக்கும்போது தளர்வாகச் சுருட்டி, தடித்த பாலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, ஈரம் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இரண்டு வாரம் முழுவதும் வைக்க வேண்டும். சாதாரண குளிர்பதனப் பெட்டியின் பனிக்கட்டி அறையில் நெருக்கித் திணித்தால் நடுப்பகுதி வரை குளிர் எட்டாது. ஆழ்குளிர்ப் பெட்டி தேவை. வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த கம்பளியில் பனித்துளியாகப் படியும். பெரிய விரிப்பாக இருந்தால் இதை இன்னொரு முறை செய்வது நல்லது.

அந்துருண்டை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூடிய பெட்டிக்குள் ஆவி அடர்ந்தால்தான் அது வேலை செய்யும்; திறந்த அறையில் இரண்டு உருண்டைகளைப் போட்டு வைப்பதால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது, வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் கேடு. குறிப்பாக, ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. வேப்பிலையும் புகையிலையும் வைப்பது பழைய பழக்கம். முட்டையையும் புழுவையும் அவை நம்பத்தக்க அளவில் கொல்வதில்லை, பச்சை இலை கறையும் விடும். மாதம் ஒரு முறை எடுத்து உதறிக் காற்றாட விடுவதே புழுவுக்குப் பிடிக்காத காரியம்.

மழைக்காலத்தில் மட்டும் வாடை வருகிறது

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாமல் இருக்கும். அந்த ஈரம் ஏறும்போது, இழையில் தங்கிய ஆட்டுக் கொழுப்பு, பழைய அடுப்புப் புகை, புழுதி எல்லாம் மணம் விடும். ஆட்டு வாடையும் புகை வாடையும் கேடில்லை. இரண்டு மூன்று காய்ந்த நாட்களில் நிழலில், இருபுறமும் காற்று படும்படி விரித்தால் பெருமளவு குறையும். மண்ணெண்ணெய் போன்றோ, நெடியான மருந்து போன்றோ வாடை வந்தால், விற்குமுன் எதையோ தெளித்திருக்கிறார்கள் என்று ஐயப்பட வேண்டும். பூசண வாடை மட்டும் அவசரமானது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நின்றால் பூசணம் பிடிக்கும். கடலோர ஊர்களில் அது ஆண்டில் பெரும்பகுதி. அங்கே விரிப்பைச் சிமெண்டுத் தரையிலும் வெளிச்சுவரிலும் நேரே படும்படி வைக்கக் கூடாது. வெள்ளைப் பூப்பு தெரிந்தால், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, திறந்த வெளியில், முதலில் முழுவதும் உலரவிட்டு, அதன் பிறகே மென்மையான தூரிகையால் தள்ளுங்கள்; ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூசணம் இழைக்குள் இறங்கும்.

தரையில் வழுக்குகிறது, நடக்கும் இடம் தேய்கிறது

உரோமம் இல்லாத விரிப்புக்குப் பிடிமானம் குறைவு. உஸ்பெக் வீட்டில் இதற்குக் கீழே கீகிஸ் என்னும் தட்டிய கம்பளிப் பாளம் இருக்கும். மேலே உட்காரப் பஞ்சு மெத்தை இருக்கும். செருப்புக் கால் படாது. அதே வரிசையை நாமும் பின்பற்றுவதே சரியான தீர்வு. கம்பளிப் பாளத்தை விரிப்பைவிட இரண்டு விரற்கடை குறைவாக வெட்டி அடியில் போடுங்கள். நுரை போன்ற பிளாஸ்டிக் விரிகள் வெயிலில் பொடிந்து கம்பளியில் ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் சக்கர நாற்காலி உருளும் இடத்திலும் கஜரியைப் போட வேண்டாம். எந்தப் பாளமும் அங்கே அதைக் காக்காது.

சுவரில் மாட்டிய பிறகு தொய்ந்து, தையல்கள் வாய் திறக்கின்றன

பட்டைகள் படுக்கைவசமாக வரும்படி மாட்டியிருப்பீர்கள். அப்போது முழு எடையையும் தையல்களும் மறைந்திருக்கும் ஊடையுமே சுமக்கின்றன. பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடும்படி திருப்புங்கள். வலுவான பாவு சுமையை ஏற்கும். ஆணியும் கொக்கியும் கிடுக்கியும் வேண்டாம், அவை நான்கைந்து இழைகளின் மேல் எல்லா எடையையும் ஏற்றும். மேல் முனையின் பின்புறத்தில் அகலம் முழுவதற்கும் ஒரு பருத்தித் துணிக் குழாயைத் தைத்து, அதற்குள் வழவழப்பாகத் தேய்த்த மரக்கழியை நுழைத்துத் தொங்கவிட்டால் எல்லா இழைகளுக்கும் சுமை பகிர்ந்து போகும். மாட்டுவதற்கு முன் முனைகளில் ஊடை அவிழ்கிறதா என்று பாருங்கள். அவிழ்ந்தால் கம்பளி நூலால் முனையைச் சுற்றித் தைத்து நிறுத்திய பிறகே மாட்ட வேண்டும். இரண்டு ஆண்டு தொங்கினால் ஓராண்டாவது சுருட்டி ஓய்வு கொடுங்கள். சுருட்டுவது பட்டையின் நீளவாட்டில், தடித்த அட்டைக் குழாயின் மேல், வடிவம் உள்ள பக்கம் வெளியே இருக்க. மடித்தால் அதே மடிப்பில் இழைகள் முறியும்.

ஒரு பட்டை மட்டும் மீட்க முடியாதபடி போய்விட்டது

இந்த நிலையில்தான் பலர் கத்தரிக்கோலை எடுத்து, நல்ல பகுதிகளை அறுத்து மெத்தை உறையும் கைப்பையும் செய்கிறார்கள். குறுக்கே ஒரு முறை வெட்டினால் பாவு நூல்கள் அத்தனையும் அறுந்து, வெட்டு வாயிலிருந்து ஊடை கழன்று கொண்டே போகும்.  பட்டைகளாக நெய்த விரிப்புக்கு அந்தத் தேவையே இல்லை. கெட்ட பட்டையின் இரு பக்கத் தையலையும் பிரித்து, அதைத் தனியே எடுத்துவிட்டு, எஞ்சிய பட்டைகளை நெருக்கி வைத்துத் தைத்தால், முன்பிருந்ததைவிட ஒரு பட்டை அளவு அகலம் குறைந்த, ஆனால் முழுமையான விரிப்பு ஒன்று கிடைக்கும். நெய்தவர்கள் பட்டைகளின் வடிவத்தை ஒன்றோடொன்று நேர்நேராகப் பொருத்தியதில்லை என்பதால், புதிய சேர்க்கை கண்ணுக்கு உறுத்தாது. கட்டிலின் கால்மாட்டில் போர்த்தவோ, நீண்ட பெஞ்சின் மேல் விரிக்கவோ அந்த அகலம் போதும். உறை தைத்தே தீர வேண்டும் என்றால், பட்டையின் முழு அகலத்தை அப்படியே வைத்து, நீளத்தை வெட்டாமல் மடித்து அடக்கித் தையுங்கள். எடுத்த பட்டையை எறியாதீர்கள். அதன் நல்ல பகுதியிலிருந்து உருவும் நூல், அதே ஆட்டின் கம்பளி, அதே சாயம். மற்றப் பட்டைகளின் ஓரங்களைத் தைக்க அதைவிடப் பொருத்தமான நூல் எந்தக் கடையிலும் கிடைக்காது. எந்தப் பட்டைக்கும் எந்தப் பட்டைக்கும் இடையே இருந்தது என்று ஒரு துணிச்சீட்டில் எழுதி அதோடு கோத்து, பருத்தித் துணியில் சுருட்டி, விரிப்போடு சேர்த்தே வையுங்கள்.